புளியங்குடிக்கு நேர்தெற்கே

புளியங்குடியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. மேற்கே மலை, மற்றத் திசைகளில் எலுமிச்சைத் தோட்டங்களும் வயல்களும் குளக்கரைகளும். கிழக்கே தூத்துக்குடிக் கடலும், மேற்கே மலைக்கு அப்பால் கொல்லத்துக் கடலும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன. ஆயினும் இவ்வூர் ஆண்டுதோறும் கடலை எதிர்பார்த்தே வாழ்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுகிறதென்றால், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின்மேல் பிறந்த காற்று அரபிக்கடலைச் சுற்றிக் கடந்து மலையில் மோதி, தன் ஈரத்தில் எஞ்சியதை நமக்குத் தந்திருக்கிறது என்பதே பொருள்.

தெற்கே என்றோம். ஒரு நிலப்படத்தை விரித்து, புளியங்குடியின்மேல் விரலை வைத்து, நேர்தெற்காக ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். 77-க்கும் 78-க்கும் இடைப்பட்ட அந்தத் தீர்க்கரேகை பாபநாசத்தை ஒட்டிச் சென்று மலையைத் தாண்டி, முட்டத்துக்குச் சற்றுக் கிழக்கே, நம் மீனவச் சகோதரரின் குடியிருப்புகளுக்கு நடுவே கடலில் இறங்குகிறது. மீன்வளத்தால் பெயர்பெற்ற வாட்ஜ் திட்டைக் கடக்கிறது. அதன்பின் நிலமே இல்லை. பாதி வழிக்குமேல் சென்றபின் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்னும் இரு சிறு பிரெஞ்சுத் தீவுகள் அருகே வருகின்றன. மீண்டும் நீர். ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர் சென்றபின் கோடு ஓர் உறைந்த கரையைத் தொடுகிறது. அண்டார்டிகாக் கண்டத்தின் அந்த வளைவுக்குப் பிரிட்ஸ் விரிகுடா என்று பெயர். கோடு தொடும் இடத்துக்கு மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் நம் நாட்டின் 'பாரதி' ஆய்வு நிலையம் நிற்கிறது.

அந்த விரிகுடாவின் அடியிலும் அதன் விளிம்பிலும் ஓசையின்றி ஒரு வேலை நடைபெறுகிறது. உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்துக்குக் குளிர்ந்த நீரை அனுப்பும் வேலை அது. அதைப் புரிந்துகொள்ள மனிதருக்கு இருநூற்று அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தக் கதையையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை தொடங்குவது துருவத்தில் அன்று. வெயில் கொளுத்தும் அட்லாண்டிக் கடலில். 1751-ஆம் ஆண்டு ஹென்றி எல்லிஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி, ஆப்பிரிக்காவை நோக்கிச் சென்ற தம் கப்பலிலிருந்து ஒரு வாளியைக் கடலுக்குள் இறக்கினார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் போதகர் வடிவமைத்த வாளி அது. இறங்கும்போது மேலும் கீழும் உள்ள மூடிகள் திறந்து நீருக்கு வழிவிடும், ஏற்றும்போது மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு வெப்பமானி. மேற்பரப்பில் 84 பாரன்ஹீட் டிகிரி காட்டிய நீர், ஆழம் கூடக்கூடக் குளிர்ந்துகொண்டே போய், ஏறத்தாழ 3,900 அடியில் 53 டிகிரியில் நின்றது. ஒரு மைல் ஆழம் வரை இறக்கியும் அதே 53.

எல்லிஸ் இதை ஹேல்ஸுக்குக் கடிதமாக எழுதினார். கூடவே ஒரு செய்தியையும் சேர்த்தார்: வெறும் ஆர்வத்துக்காகத் தொடங்கிய இச்சோதனை பயனுள்ளதாகவும் ஆயிற்றாம், ஆழத்திலிருந்து எடுத்த நீரில் குளித்தார்களாம், மதுவையும் குடிநீரையும் விரும்பியபோதெல்லாம் குளிரவைத்துக்கொண்டார்களாம். அந்தக் கப்பலின் தொழில் அடிமை வாணிபம். வாளி இறங்கிய வேளையில் அதன் அடித்தளம் இன்னும் நிரம்பவில்லை. நிரப்பிக்கொள்ளத்தான் அது போய்க்கொண்டிருந்தது. கடலியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வாளியைப் பற்றி விரிவாகவும் கப்பலைப் பற்றி ஒரு சொல்லிலும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலவில்லை. ஆழ்கடல் குளிர்ந்திருக்கிறது என்ற முதல் தெளிவான சான்று அப்படிப்பட்ட கையிலிருந்துதான் நமக்கு வந்தது.

சான்று வந்தது, விளக்கம் வரவில்லை. வெப்ப நாட்டுக் கடலின் மேற்பரப்பு எந்தக் குளிர்காலத்திலும் அவ்வளவு குளிர்வதில்லை. ஆதலால் அந்தக் குளிர் மேலிருந்து இறங்கியிருக்க முடியாது. பூமியின் உட்புறமோ வெப்பமானது. கீழிருந்தும் ஏறியிருக்க முடியாது. பின் எங்கிருந்து? யோபு நூலின் 38-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் யோபுவிடம் கேட்கும் வினாக்களில் கடலின் ஊற்றுகளும் ஆழங்களும் வருகின்றன. சில வரிகள் கழித்துப் பனியின் சேமிப்புக் கிடங்குகளும் வருகின்றன. அந்த இரண்டும் உறவுடையவை என்று அறிவியல் கண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்.

கண்டவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசுக்குப் பணியாற்றியவர்; மியூனிக் நகரில் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி வைத்தவர். அடுப்பையும் கஞ்சியையும் ஆராய்ந்த அந்த மனிதரே 1797-ஆம் ஆண்டளவில் கடலைப் பற்றியும் எழுதினார். நன்னீருக்கு ஒரு தனிக் குணம் உண்டு: 4 டிகிரி செல்சியஸில் அது மிகுந்த அடர்த்தி அடைகிறது, அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே மிதக்கிறது. குளிர்நாட்டு ஏரிகள் மேலே உறைந்து அடியில் உறையாமல் இருப்பது இதனாலேயே. கடல்நீரில் இந்தக் குணம் இல்லை. உறையும் நிலை வரும்வரை அது குளிரக் குளிர அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. ஆகவே துருவங்களில் குளிர்ந்த கடல்நீர் அடியில் மூழ்கி, அடித்தளம் வழியாக நிலநடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து வரவேண்டும். அதற்கு ஈடாக மேலே வெப்பநீர் துருவத்தை நோக்கிப் போகவேண்டும் என்றார் ரம்ஃபோர்டு. துருவத்தைப் பார்க்காமலே சொன்ன சொல். பெரும்பாலும் சரியான சொல்.

இவ்விடத்தில் சற்று விலகி நம் குருவானவர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். இயேசு சபையைச் சேர்ந்த ஆஞ்செலோ செக்கி அடிகளார் விண்மீன்களின் ஒளியை வகைப்படுத்தியவர் என்றே பலர் அறிவர். 1865-ஆம் ஆண்டு திருத்தந்தையின் கடற்படைத் தளபதி சியால்தி அழைத்ததன்பேரில், அமல உற்பவத்தின் பெயர் தாங்கிய நீராவிப் போர்க்கப்பலில் ஏறி, ஒரு வெண்ணிற வட்டத்தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். நீரின் தெளிவை அளக்க இதைவிட எளிய கருவி வேறில்லை. இன்றும் ஆய்வுக் கப்பல்களில் 'செக்கித் தட்டு' இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. துருவநீரின் கதையில் செக்கி அடிகளாருக்கு நேரடிப் பங்கு இல்லை. எனினும் வாளியும் தட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஒரு கயிறும் பொறுமையும் இருந்தால் போதும் என்ற காலத்தவை.

அடுத்து வந்தது பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பல். 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களைச் சுற்றி, ஆழத்தையும் வெப்பத்தையும் அளந்து, அடிச்சேற்றை அள்ளி வந்தது. 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அது அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தது. அவ்வட்டத்தைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் அதுவே. கடந்த இடம் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. அதாவது நம் கோட்டுக்கு வெகு அருகில், பிரிட்ஸ் விரிகுடாவின் வாயிலில். பனி சூழவே, நிலத்தைக் காணாமலே கப்பல் திரும்பிவிட்டது. இன்னும் சில நாள் தெற்கே செல்ல முடிந்திருந்தால் என்ன கண்டிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

துருவநீர் மூழ்கும் இடத்தை முதலில் சுட்டியவர் ஜெர்மானியர் வில்ஹெல்ம் பிரென்னெக்கே. 1911-12-இல் பில்க்னர் தலைமையிலான பயணத்தில் 'டாய்ச்லாண்ட்' கப்பலில் வெடல் கடலுக்குச் சென்றவர். அங்குக் கண்டத்திட்டின்மேல் உருவாகும் கடுங்குளிர் நீரே சரிவில் இறங்கி அடிநீர் ஆகிறது என்று உணர்ந்தார். 1930-களில் நார்வேயின் ஹாக்கோன் மோஸ்பி அதை மேலும் விளக்கினார். பின்னாளில் ராஸ் கடலும் அடேலிக் கரையும் சேர, அண்டார்டிகாவின் அடிநீருக்கு மூன்று வாசல்கள் என்று அறிவியலார் எண்ணலாயினர்.

வாசல் என்றால் என்ன? கண்டத்திட்டு என்பது நிலத்தின் விளிம்பு கடலுக்குள் நீண்டு கிடக்கும் மேடை. நம் வாட்ஜ் திட்டும் அத்தகைய மேடையின் பகுதியே. அங்கே ஆழம் இருநூறு மீட்டருக்குள் அடங்கும். அண்டார்டிகாவில் அந்த மேடை, பனிக்கட்டியின் பாரத்தால் அழுந்தியும் பனியாறுகளால் குடையப்பட்டும், சராசரியாக ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. குளிர்காலத்தில் கண்டத்தின் உயர்ந்த பனிமேட்டிலிருந்து கடுங்காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து, கரையோரம் உறைந்த கடற்பனியை வெளியே தள்ளிவிடுகிறது. பனி விலகிய இடத்தில் நீர் வெளிப்படுகிறது. இந்தத் திறந்த நீர்வெளிக்கு ருஷ்யச் சொல்லையே எடுத்து 'பொலின்யா' என்கின்றனர். வெளிப்பட்ட நீர் உடனே உறைகிறது. காற்று அதையும் தள்ளுகிறது. மீண்டும் உறைகிறது. குளிர்காலம் முழுவதும் ஓயாத வேலை.

கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதியைப் பனி தன்னுள் ஏற்பதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச்செல்வதை நாம் பார்க்கிறோம். அங்கே குளிர் அதே வேலையைச் செய்கிறது. நீர் பனியாகப் போகிறது, உப்பு கீழுள்ள நீரில் சேர்கிறது. உறைநிலையான கழித்தல் 1.9 டிகிரியில், உப்பும் மிகுந்த அந்த நீர், கண்ணாடிக் குவளையில் ஊற்றிய நன்னாரிப் பாகுபோல் அடியில் போய்த் தங்குகிறது. திட்டின் பள்ளங்கள் நிரம்பியதும் விளிம்பைத் தாண்டிக் கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியாகச் சரிந்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது.

பிரிட்ஸ் விரிகுடாவில் இதோடு வேறு நீர்த்திரள்களும் கலக்கின்றன. வடக்கே ஆழ்கடலில் ஓடும், சற்றே வெப்பமான நீர் கிழக்குப் பக்கமாகத் திட்டின்மேல் ஏறி உள்ளே வருகிறது. விரிகுடாவில் வலஞ்சுழியாகச் சுற்றும் நீரோட்டம் அதை ஏந்திச் செல்கிறது. தெற்கே ஆமெரி பனித்தட்டு. கண்டத்தின் பனியாறுகள் கடலுக்குள் நீண்டு மிதக்கும் பெரும் பலகை என்று அதைச் சொல்லலாம். அண்டார்டிகாவில் மூன்றாவது பெரியது. அதன் உள்முனையில் பனியின் அடி, கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அழுத்தம் கூடினால் நீரின் உறைநிலை தாழும்: ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் டிகிரி. ஆகையால் மேலே உறையும் நிலையில் உள்ள நீரும் அந்த ஆழத்தில் பனியை உருக்கப் போதிய வெப்பமுடையதாகிவிடுகிறது. உருகிய நன்னீர் கலந்து இலேசாகிய நீர் பனித்தட்டின் அடியை ஒட்டி மேலேறுகையில் அழுத்தம் குறைய, மீண்டும் அங்கேயே உறைகிறது. இப்படி அடியில் படிந்த பனி சில வேளை உடைந்து கவிழ்ந்து பச்சை நிறப் பனிமலையாக மிதப்பதுண்டு. ஆமெரியின் பக்கத்துக் கடலில் மாலுமிகள் கண்டு வியந்தவை அவை.

அந்த விரிகுடாவின் நிலப்படம் 1930-களில் பெரிதும் நார்வேயின் திமிங்கல வேட்டையாளரால் வரையப்பட்டது. கரைக்கு இங்ரிட் கிறிஸ்டென்சன் கரை என்று பெயர். கப்பல் முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனின் துணைவியார் அவர். விரிகுடாவின் கிழக்கு வாயிலில் உள்ள கடலடி மேட்டுக்கு 'நான்கு சீமாட்டியர் திட்டு' என்று பெயர். 1936-37 பயணத்தில் இங்ரிடும் அவர் மகளும் மற்றும் இரு பெண்களும் சென்றதன் நினைவு. நம் நாட்டுப் பெண்கள் அண்டார்டிகாவை மிதிக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாம் இந்தியப் பயணத்தில் சென்ற அதிதி பந்த் கடலியலார். சுதீப்தா சென்குப்தா நிலவியலார்.

இந்தியாவின் முதல் பயணம் 1981 டிசம்பர் 6-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டது. 'போலார் சர்க்கிள்' என்னும் வாடகைக் கப்பல், இருபத்தொரு பேர், தலைவர் கடல் உயிரியலார் எஸ். இசட். காசிம். 1982 ஜனவரி 9-ஆம் நாள் பனிக்கரையில் இறங்கினர். 1983-84-இல் எழுந்த முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி நிலத்தின்மேல் அன்று, கடலில் மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டப்பட்டது. விழுந்து குவிந்த பனி சில ஆண்டுகளிலேயே அதை மூடிவிட்டது, 1990-இல் கைவிட்டனர். அதற்குள் பாறைமேல் 'மைத்ரி' எழுந்திருந்தது. அங்குப் பூமியின் காந்தப்புலத்தை அளந்துவரும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் கிளை ஆய்வகம் நம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்திலும் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2012-இல் லார்ஸ்மன் குன்றுகளில், பிரிட்ஸ் விரிகுடாவின் கரையில், 134 சரக்குப் பெட்டகங்களை இணைத்து 'பாரதி' நிலையம் அமைந்தது.

அடுத்த ஆண்டிலேயே அந்தப் பக்கத்துக் கடலைப் பற்றி ஒரு புதிய செய்தி வந்தது. பிரிட்ஸ் விரிகுடாவின் நீரில் உப்பு போதாது, ஆகவே அங்கிருந்து பெரிதாக அடிநீர் உருவாகாது என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. விரிகுடாவின் மேற்கு ஓரத்தில் டார்ன்லி முனை இருக்கிறது. ஆஸ்திரேலியரான டக்ளஸ் மாசன் 1929-31 பயணத்தில் குறித்த முனை. அதன் பொலின்யாவில் உருவாகும் பனியின் அளவு அண்டார்டிகாவில் ராஸ் கடலுக்கு அடுத்த இடம் பெறுவதைச் செயற்கைக்கோள்கள் காட்டியிருந்தன. ஜப்பானிய அறிவியலார் 2008-09-இல் அதற்கு அப்பால் உள்ள சரிவில் கருவிகளை நங்கூரமிட்டு ஓராண்டு காத்திருந்தனர். உப்பு மிகுந்த கடுங்குளிர் நீர் பள்ளத்தாக்கில் இறங்குவதைக் கருவிகள் பதிவு செய்தன. 2013-இல் ஓஷிமாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கணக்கின்படி, அண்டார்டிக் அடிநீரில் நூற்றுக்கு 6 முதல் 13 பங்கு இங்கிருந்து பிறக்கிறது. நான்காம் வாசல் இவ்வாறு தெரியவந்தது.

இதில் மனிதருக்குத் துணைநின்றவை யானைச் சீல்கள். ஆண் விலங்கின் மூக்கு துதிக்கைபோல் தொங்குவதால் அப்பெயர். குளிர்காலத்தில் எந்தக் கப்பலும் நுழைய முடியாத பனிக்கடலில் அவை இரை தேடி நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் மூழ்கித் திரிகின்றன. அவற்றின் தலைமயிரில் ஒட்டப்படும் சிறு கருவி நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மூச்செடுக்க அவை மேலே வரும்போது செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. ஆண்டுக்கொருமுறை மயிர் உதிர்கையில் கருவியும் உதிர்ந்துவிடும். எல்லிஸின் வாளியிலிருந்து இதுவரை வந்திருக்கிறோம்.

ஆனால் அதே சீல்கள் மற்றொரு செய்தியையும் கொண்டுவந்தன. 2011 முதல் 2013 வரை அவை திரட்டியவற்றை ஆராய்ந்து 2016-இல் வெளியான கட்டுரை, ஆமெரி பனித்தட்டு உருகித் தரும் நன்னீர் பிரிட்ஸ் விரிகுடாவின் நீரை நீர்க்கச் செய்து, அடிநீர் உருவாவதைத் தடுத்து வருகிறது என்று காட்டியது. நன்னாரிப் பாகில் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் தங்காதல்லவா? உருகுதல் கூடினால் வாசல் ஒடுங்கும். வெடல் கடலில் அடர்த்தி மிகுந்த அடிநீரின் கனஅளவு 1992-க்குப் பின் நூற்றுக்கு இருபதுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2023-இல் கண்டனர்; அங்குக் காரணம் காற்று தளர்ந்து பனி உருவாதல் குறைந்தது. அதே ஆண்டு வந்த மற்றொரு கணிப்பு, புகைவெளியீடு இப்போதுபோல் மிகுந்தே இருந்தால் அண்டார்டிக் அடிநீர்ச் சுழற்சி 2050-க்குள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தளரக்கூடும் என்கிறது. எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதும் தவறு. 2019 செப்டம்பரில் ஆமெரியிலிருந்து 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிமலை ஒன்று பிரிந்தபோது உலகம் அஞ்சியது. அது பனித்தட்டின் இயல்பான உடைவே என்று அறிந்தோர் விளக்கினர். இதற்குமுன் அவ்வளவு பெரிய உடைவு நேர்ந்தது 1960-களின் தொடக்கத்தில்.

இந்த நீரால் நமக்கு என்ன? டார்ன்லி நீர் முதலில் மேற்கே வெடல் கடல் பக்கம் போகிறது. அங்குள்ள அடிநீரோடு கலந்து, மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பள்ளங்கள் வழியாக மெல்ல வடக்கே ஊர்ந்து, சோமாலியக் கடலடியைக் கடந்து அரபிக்கடலின் அடித்தளம் வரை வருகிறது. வங்கக்கடல் பக்கம் வருவது வேறு வாசல்களின் நீர். அடேலிக் கரை, ராஸ் கடல் ஆகியவற்றிலிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குப் பள்ளங்கள் வழியாக வருவது. இரண்டுமே மேற்பரப்பில் இருந்தபோது காற்றிலிருந்து பெற்ற உயிர்வளியை ஆழத்துக்குச் சுமந்து வருகின்றன. வெயில் நுழையாத அந்த ஆழத்தில் உயிர்கள் மூச்சுவிடுவது அதனால்தான். கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகுதூரத்தில், 1987-இல் இந்தியாவுக்கு ஆய்வுரிமை கிடைத்த கடலடியில் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளும் உயிர்வளி நிறைந்த அந்த நீரில் வளர்ந்தவையே. பயணம் நூற்றாண்டுக் கணக்கில் நீள்வது. எல்லிஸ் தம் வாளியை இறக்கிய நாளில் துருவத்தில் மூழ்கிய நீரில் ஒரு பகுதி இன்னும் வழியில் இருக்கலாம்.

நாம் சாரலுக்காக மலையை நோக்கி நிற்கும் மாதங்களே அங்கு அந்த வேலை மும்முரமாக நடக்கும் மாதங்கள். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாரதி நிலையத்தில் கதிரவன் எழுவதில்லை. குளிர்காலம் தங்கும் சிறு குழு பெட்டகச் சுவர்களுக்குள் விளக்கொளியில் இருக்கிறது. வெளியே இருளில் பனிமேட்டிலிருந்து காற்று இறங்கிக் கடலை நோக்கிப் பாய்கிறது. மேற்கே டார்ன்லி முனையருகில் நீர் உறைகிறது, தள்ளப்படுகிறது, மீண்டும் உறைகிறது.